எல்லாரையும் ‘ஓடிட்டான்’ என்றவர்

என் கண்ணுங்களா, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். பெரியவன் சத்தமாகப் படிக்கட்டும். குட்டிக்குப் புரியாத இடத்தில் அக்கா நிறுத்திச் சொல்லிக் கொடுக்கட்டும்.

நேற்றுச் சாப்பிடும்போது பெரியவன் ஒரு வார்த்தை சொன்னான். நம் பின்னறையில் குடியிருக்கும் தச்சரைப் பத்து நாளாகக் காணவில்லை, கதவில் பூட்டுத் தொங்குகிறது. “ஓடிட்டாருப்பா. பூட்டை உடைச்சிட்டு வேற ஆளுக்கு விட்டுரலாம்” என்றான். நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அம்மா, “ஏன், குழம்பு நல்லா இல்லையா?” என்று கேட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த வார்த்தைதான் இறங்கவில்லை. அதை அதே அவசரத்தோடு சொல்லும் ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி உங்களிடம் இதுவரை பேசியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து பெரிதாக வராது. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும்தான். ரயில் ஸ்டேஷனில் பழகியது கொஞ்சம் இங்கிலீஷ். நடந்ததை நடந்தபடி சொல்வேன், அவ்வளவுதான். அவர் பேரைச் சொல்லமாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஜொகூரில்தான் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

சிகாமட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் அவருக்கு எட்டுப் பலகை வீடுகள் இருந்தன. ஒரே வரிசை, ஒரே கூரை. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தார்களே, அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நானும் அம்மாவும் கல்யாணம் ஆன புதிதில் மூன்றாவது வீட்டுக்குக் குடிபோனோம். எனக்கு அப்போது ரயில்வே சரக்குக் கொட்டகையில் சின்னக் கிராணி வேலை, மூட்டைக்குக் கணக்கு எழுதுவது. அவர் முன்னாளில் தோட்டத்துக் கங்காணி. தோட்டத்தை விட்டு வந்தாரே தவிர, தோட்டம் அவரை விட்டு வரவில்லை. அந்த எட்டு வீட்டையும், தோட்டத்துக் கூலி வரிசையைச் சொல்கிற மாதிரி, அவர் “என் லயம்” என்றுதான் சொல்வார்.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு எடுப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பேர் கூப்பிட்டு ஆள் வராவிட்டால், கங்காணி துரையிடம் போய் “ஓடிட்டான்” என்பார். காய்ச்சலா, செத்தானா, வழி தவறினானா என்று ஆராய்ச்சி கிடையாது. இவர் வீட்டுக்காரர் ஆன பிறகும் பெரட்டு எடுத்தார், ஆளை வைத்து எடுக்கவில்லை, புகையை வைத்து எடுத்தார். காலையில் கைத்தடியோடு வரிசைக்குப் பின்பக்கமாக நடப்பார். ஒவ்வொரு அடுப்படிப் பலகையையும் தடியால் ஒரு தட்டுத் தட்டி, கூரையை அண்ணாந்து பார்ப்பார். புகை வந்தால் அடுத்த வீடு. வராவிட்டால் அங்கேயே நின்று, “ஏய், இருக்கியா, ஓடிட்டியா?” என்று கத்துவார். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் உங்கள் அம்மா அடுப்பு மூட்டத் தாமதம் ஆனதற்கு இந்தச் சத்தம் கேட்டு, பாவம், பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அவர் வாயில் யாரும் போகமாட்டார்கள், வரமாட்டார்கள், எல்லாரும் ஓடுவார்கள். ஆறாவது வீட்டுக்காரர் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து எங்களிடம், “ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டான்” என்றார். இவர் மனைவி மூவாரில் அக்காள் வீட்டுக்கு நாலு நாள் போனபோதும், “அவளும் ஓடிட்டா” என்றார். நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அந்த ஆறாவது வீட்டுக்காரர் பிறகு இறந்துபோனார். சேதி வந்தபோது, “நல்லா ஏமாத்திட்டான்யா, செத்து ஓடிட்டான்” என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நாலாவது வீட்டில் ஒரு நாவிதர் இருந்தார். அண்ணன் சாவுக்குச் சிங்கப்பூர் போய் ஐந்தாம் நாள் திரும்பினார். அவருடைய நாற்காலியும் கண்ணாடியும் சாக்கடை ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. “என்ன கங்காணி இது?” என்று அழுதார். இவர், “நீ ஓடிட்டேன்னு நினைச்சேன். வந்துட்டியா? சரி, எடுத்து உள்ள வை” என்றார். அவ்வளவுதான். கண்ணாடியில் ரசம் போய்விட்டது. அதற்கப்புறம் எனக்கு முடி வெட்டும்போதெல்லாம் என் முகத்தில் பாதிதான் அதில் தெரியும்.

இப்படி ஏன் ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்குக் கீழே இருந்த இருபது பேர் ஒரே நாளில் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். துரை எல்லார் முன்னாலும் அவர் தலைப்பாகையைத் தட்டிவிட்டானாம். இதைக் கேட்டால் பரிதாபம் வரும். உங்களுக்கு வந்தால் வரட்டும். எனக்கு வரவில்லை.

கடைசி வீட்டில் மருத்துவச்சி அக்கா இருந்தார். பிள்ளை குட்டி இல்லாத விதவை. சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் பிரசவம் என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். போனால் பிள்ளை பிறந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றி, ஏழு நாளோ பத்து நாளோ இருந்துவிட்டுத்தான் திரும்புவார். ஆகவே அவர் கதவில் பாதி மாதம் பூட்டுத்தான் தொங்கும். ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் தெரியும். “ஸ்டேஷன்ல இறங்கி, பலகை வீட்டு வரிசையில கடைசிக் கதவு” என்று முப்பது மைல் தூரத்திலும் சொல்வார்கள். அவருக்குச் சொத்து, சொந்தம், வேலை எல்லாம் அந்தக் கதவுதான்.

மழைக் காலத்தில் ஒரு நாள், ஆற்றுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் போனான். கிளம்பும்போது அக்கா நம் வீட்டு வாசலில் நின்றார்.

“தங்கச்சி, அடுப்படியில கூடைக்குள்ள கோழியை அடை வச்சிருக்கேன். பலகை இடுக்குல கொஞ்சம் நெல்லு போடு. குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள வந்துருவேன்.”

“எத்தனை முட்டைக்கா?” என்றாள் அம்மா.

“பதினொண்ணு. நல்லதா ரெண்டு உனக்கு.”

வாடகை பாக்கி ஒன்றும் கிடையாது. அந்த மாதத்துக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நாலாம் நாள் ஆறு ஏறியது. ரயில் பாதையில் தண்ணீர் நின்றது, அந்தப் பக்கத்துப் பாலம் முழுகியது. அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு ஈ கூட இந்தப் பக்கம் வர முடியாது. இது ஊருக்கே தெரியும், கங்காணிக்கும் தெரியும். ஆனால் அவர் தினமும் கடைசி வீட்டுப் பலகையைத் தட்டி, புகை இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்னொன்றும் இருந்தது. ஒரு சீனத் தவ்கே, பெரிய முதலாளி, ரப்பர் ஷீட் அடுக்கிவைக்க, கடைசி இரண்டு வீட்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது வீடு ஏற்கெனவே காலி.

பத்தாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுப் பக்கத்தில் மனு எழுதுகிறவரிடம் போனார். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் நான் கூடவே இருக்க வேண்டும். மனு எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

“ஆள் இருக்கான், வாடகை தரலை. அதுக்கு ஒரு வழி. கோர்ட்டுல மனு போட்டு ஜப்தி வாரண்டு வாங்கணும். கோர்ட்டு ஆள் வந்து சாமானைப் பிடிப்பான், நீங்க தொடக்கூடாது. ஆள் இல்லை, வருவானா மாட்டானா தெரியலை. அதுக்கு வேற வழி. கதவுல நோட்டீஸ் ஒட்டணும், சொந்தக்காரங்க இருந்தா சொல்லியனுப்பணும், தவணை குடுத்துக் காத்திருக்கணும், அப்புறம் மாஜிஸ்திரேட்டுகிட்ட உத்தரவு வாங்கணும். ஆள் சாவியைக் கையில குடுத்து ‘இனிமே எனக்கு வேணாம்’னு சொல்லிட்டுப் போயிட்டான்னா, அப்ப மட்டும்தான் நீங்களே கதவைத் திறக்கலாம். அப்பவும் ரெண்டு சாட்சி வச்சு, இருக்கிற சாமானையெல்லாம் பட்டியல் போட்டு, பத்திரமா எடுத்து வைக்கணும். வீடு உங்களுது, சாமான் அவங்களுது.”

“இந்தப் பொம்பளை மூணாவது ரகம்” என்றார் கங்காணி.

“சாவி குடுத்தாங்களா?”

“கதவுல தொங்குது.”

“சாவியா?”

“பூட்டு.”

மனு எழுதுகிறவர் கண்ணாடியை மறுபடியும் கழற்றி, இன்னொரு தடவை துடைத்தார். “கங்காணி, பூட்டுத் தொங்குனா திரும்பி வர்ற உத்தேசம்னுதான் கோர்ட்டுல எடுத்துக்குவாங்க” என்றார். இவர் அதற்குள் எழுந்துவிட்டார். கஷாயச் சீட்டில் தேனை மட்டும் படித்துக்கொள்கிற நோயாளி போல, நோட்டீஸ், பட்டியல் என்ற இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். தவணை, உத்தரவு, மாஜிஸ்திரேட் எல்லாம் அந்த மேஜையிலேயே கிடந்தன.

பெரியவனே, மனு எழுதுகிறவர் சொன்னதை இன்னொரு தடவை படி. நம் தச்சர் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. லாபிஸில் அவருக்குத் தம்பி இருக்கிறார். அவருக்கு நான் இன்றைக்குக் கடுதாசி போட்டிருக்கிறேன். பதில் வருகிறவரைக்கும் அந்தப் பூட்டை நம் வீட்டில் யாரும் தொடக்கூடாது. பதில் வராவிட்டாலும் நான் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் மற்றது.

சரி. அன்றைக்கே கங்காணி என்னைக் கடைசி வீட்டு வாசலில் உட்கார வைத்தார். காகிதம், மை எல்லாம் என்னுடையது.

“எழுது. இந்த வீட்டில் குடியிருந்தவ ஓடிட்டா.”

“ஐயா, ‘வீட்டை விட்டுப் போயிட்டாங்க’ன்னு எழுதலாமே.”

“போறது வேற, ஓடுறது வேற. முப்பது வருஷம் ஆளைப் பார்த்தவன் நான். எனக்குச் சொல்லித் தர்றியா? எழுதுடா.”

கண்ணுங்களா, ஆம்பிளையை ‘ஓடிட்டான்’ என்றால் வேலையை விட்டு, கடனை விட்டு, வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம். ஒரு பொம்பளையை, அதுவும் தனியாக இருக்கிற பொம்பளையை, ‘ஓடிட்டா’ என்றால் நம் ஜனங்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது அந்தக் கிழவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதினேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் படிக்க வருகிற மாதிரி கொட்டை எழுத்தில், ‘இவ்வீட்டில் குடியிருந்த மருத்துவச்சி ஓடிவிட்டாள்’ என்று எழுதினேன். முதல் காகிதத்தில் மை சிந்தியது. கையெழுத்து அழகாக இல்லை என்று இரண்டாவது காகிதம் எடுத்தேன். புதுப் பெண்டாட்டியோடு குடியிருக்கிற வீடு அவருடையது, அதனால் எழுதினேன் என்று ஒரு காரணம் சொல்லலாம். அழகாக ஏன் எழுதினேன் என்பதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை.

நோட்டீஸை ஒட்டினார். ஒட்டிய பசை காயவில்லை, அதற்குள் பூட்டை உடைத்தார். எனக்கும் இரண்டாவது வீட்டு ஆளுக்கும் சாட்சி வேலை. அவர் தடியால் ஒவ்வொன்றாகத் தொட, நான் பட்டியல் எழுதினேன். பாய் ஒன்று. செம்பு ஒன்று. அம்மி, குழவி. சாமி படம் இரண்டு. விளக்கெண்ணெய்ப் போத்தல். சேலை நாலு. அடுப்படிக்கு வந்தோம். கூடைக்குள்ளே கோழி சிறகை விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சீறியது.

“கோழி ஒன்று, முட்டை பதினொன்று” என்று எழுதப் போனேன்.

“அதை எழுதாத.”

“பட்டியல்ல எல்லாம் இருக்கணும்னு சொன்னாரே, ஐயா.”

“உயிருள்ளது சாமானாடா? நாளைக்கு அதுவும் ஓடிரும்.”

கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் வீட்டுப் பக்கமிருந்து வந்த வாசனை உங்கள் அம்மாவுக்கு இன்னமும் நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்தப் பதினொரு முட்டையும் பாதி உயிரோடு ஓடையில் கிடந்தன.

நோட்டீஸ் அதன் வேலையைப் பார்த்தது. காலையில் ஒட்டினோம். மத்தியானத்துக்குள் ஸ்டேஷன் டீக்கடையில், “யாரோடய்யா?” என்று பேச்சு. சாயங்காலம் அவனுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள், லாரி டிரைவர் என்று. மறுநாள் அவனுக்கு மீசையும் வைத்துவிட்டார்கள். பிரசவத்துக்குக் கூப்பிட வந்த ஒருவனைக் கங்காணியே வழிமறித்து, “அவ ஓடிட்டா, இனிமே வரமாட்டா. வேற ஆளைப் பாரு” என்று அனுப்பினார். அவன் போய்த் தன் தோட்டம் முழுக்கச் சொன்னான்.

பதினெட்டாம் நாள் பாதை திறந்தது. முதல் டிராலியில், பாதை வேலைக்காரர்களோடு உட்கார்ந்து அக்கா வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. அந்தத் தோட்டத்தில் இரட்டைப் பிள்ளை. சந்தோஷத்தில் கொடுத்த புதுத் துண்டைத் தோளில் போட்டிருந்தார். நேராகக் கதவுக்குப் போனார். அங்கே வேறு பூட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர், காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு? படி.”

படித்தேன். என் எழுத்தை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“யாரு எழுதினது?”

என் பின்னாலேயே வந்திருந்த உங்கள் அம்மா, “இவருதான்க்கா” என்றாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. காகிதத்தை மறுபடியும் பார்த்தார். “எழுத்து லட்சணமாத்தான் இருக்கு” என்றார்.

பிறகு கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றார். நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம்.

“கங்காணி, நான் ஓடினேனா?”

“உன் அடுப்புல புகை இல்ல.”

“உங்க மருமகளுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தப்ப, பதினோரு நாள் இந்த வீட்டுலயே கிடந்தேன். அப்பயும் என் அடுப்புல புகை இல்ல. அப்ப நான் ஓடலையா?”

“அது என் வீட்டுக்கு வந்தது.”

“அப்ப உங்க வீட்டுக்கு வந்தா வந்தது, மத்தவன் வீட்டுக்குப் போனா ஓடுனதா? என் கோழி எங்க?”

“சாமானெல்லாம் பட்டியல்ல இருக்கு. சாட்சி இருக்கு. வேணும்னா எடுத்துக்கிட்டு ஓடு.”

அக்கா எடுக்கவில்லை. அந்த நிமிஷமே திரும்பிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். அங்கே, வீட்டுத் தகராறு எங்கள் வேலை இல்லை, கோர்ட்டுக்குப் போ என்றார்கள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் அதே மனு எழுதுகிறவர்தான் இருந்தார். வழி சொன்னவரே வழக்கும் எழுதினார். “நான் சொன்னதைக் கேட்டிருந்தா இது வந்திருக்காது” என்று சொல்லிக்கொண்டே எழுதினாராம்.

மாஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர், வயதானவர், அதிகம் பேசமாட்டார். அவருக்கு நம் பேச்சை மாற்றிச் சொல்கிறவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டுப் போட்டு விறைப்பாக நிற்பார். முதலில் என் நோட்டீஸைத்தான் அவர் கையில் கொடுத்தார்கள். அதைப் படித்து மலாயில் சொல்லிவிட்டு நின்றார். மாஜிஸ்திரேட் ஏதோ கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் கங்காணியைப் பார்த்தார்.

“ஓடிவிட்டாள் எண்டு எழுதியிருக்கு. ஆரோட ஓடினவ எண்டு ஐயா கேக்கிறார்.”

“யாரோடயும் இல்லைங்க. வீட்டை விட்டு ஓடிட்டா.”

“ஆர் துரத்தினது?”

“யாரும் துரத்தலைங்க.”

“பிறகேன் ஓடுறா?”

கோர்ட்டில் சிரித்தார்கள். கங்காணி தடியை ஊன்றிக்கொண்டு, “எல்லாரும் ஓடுறவங்கதான் ஐயா. உங்களுக்குத் தெரியாது” என்றார். அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்கு அவரிடம் இருந்த பயம். பொய் சொல்கிறவனை ஒரு இடத்தில் பிடித்துவிடலாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். கங்காணி என்னைப் பார்க்கவே இல்லை. நான் அவர் ஆள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

“இது உம்மட எழுத்தோ?”

“ஆமாங்க.”

“அவ ஓடினதை நீர் கண்டனீரோ?”

“இல்லைங்க. பிரசவத்துக்குப் போயிருந்தாங்க.”

“பிறகேன் இப்பிடி எழுதினீர்?”

“அவர் சொன்னாரு. எழுதினேன்.”

யாழ்ப்பாணத்துக்காரர் இதை மலாயில் சொல்லவில்லை. தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கை உம்மட கைதானே?” என்றார். அடுத்தாற்போல் பட்டியலை நீட்டினார்.

“வீட்டில கிடந்த சாமான் இவ்வளவும்தானோ?”

‘ஆமாங்க’ என்று சொன்னால் முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், மூன்றாவது வீட்டில் தொடர்ந்து குடியிருக்கலாம். உங்கள் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன்: “ஒரு கோழி விட்டுப்போச்சுங்க. அடை கிடந்தது. பதினோரு முட்டை.”

மறுபடியும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கோழிக்கு மலாயில் ‘ஆயாம்’, அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை நாளாக அடை, யார் தீனி போட்டது, போகும்போது என்ன சொன்னாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் வீட்டில் கோழி வளர்ப்பவர் போலிருக்கிறது. அம்மாவையும் எழுப்பிக் கேட்டார். “குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள வந்துருவேன்னாங்க” என்றாள் அம்மா. மாஜிஸ்திரேட் அடைக்கான இருபத்தொரு நாளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அக்கா வந்து நின்ற நாள் குஞ்சு பொரிக்க மூன்று நாள் இருந்த நாள்.

அவர் சொன்னதை யாழ்ப்பாணத்துக்காரர் தமிழில் சொன்னார். வீட்டை விட்டே போகிறவள் கோழியை விற்றிருப்பாள், கொன்று தின்றிருப்பாள், இல்லை தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அடை வைத்துவிட்டுப் போகமாட்டாள். வாடகை பாக்கி இல்லை, சாவி தரவில்லை, தவணை கொடுக்கவில்லை, கோர்ட்டைக் கேட்கவில்லை. வீடு உன்னுடையதாக இருக்கலாம், அதில் குடியிருக்கிற உரிமை அன்றைக்கு அவளுடையது. கதவைத் திறந்து வீட்டைக் கொடு. கோழிக்கும் முட்டைக்கும் ஈடு கொடு.

வெளியே வந்ததும் கங்காணி வானத்தைப் பார்த்து, “நியாயமும் ஓடிருச்சு” என்றார். என்னிடம், “உன் பேரு நாளைக்குப் பெரட்டுல இருக்காது” என்றார். அந்த வார முடிவிலேயே நாங்கள் ரயில்வே லயத்தில் ஒரு அறைக்கு மாறினோம்.

அக்காவுக்கு வீடு திரும்பக் கிடைத்தது. கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கதவைத் தட்ட யாரும் வரவில்லை. மாஜிஸ்திரேட் வீட்டைக் கொடு என்று சொல்ல முடிந்தது, கோழிக்கு ஈடு கொடு என்று சொல்ல முடிந்தது. தோட்டம் தோட்டமாகப் போன ஒரு வார்த்தையைத் திரும்பக் கொடு என்று உத்தரவு போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஒரு தோட்டத்துப் பொம்பளை ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும், “லாரிக்காரனோட ஓடிப்போனவ கையிலயா எங்க பிள்ளை விழணும்?” என்று கேட்டாள். அக்கா அப்போது அங்கேதான் டிக்கெட் வாங்க நின்றார். கங்காணியோ தினமும் காலையில் வந்து அவர் பலகையை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினார். சட்டப்படி அது தப்பில்லை.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு லாபிஸுக்குப் போய்விட்டார். அங்கே யாருக்கும் அந்தப் பேச்சுத் தெரியாது. இந்தத் தடவை சாவியைக் கங்காணி கையிலேயே கொடுத்து, எனக்கு இனி வீடு வேண்டாம் என்று இரண்டு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். மனு எழுதுகிறவர் சொன்ன மூன்றாவது வழியை எழுத்துப் பிசகாமல் செய்தது அவர் ஒருவர்தான்.

அவர் போன மறு வாரம், இரட்டைப் பிள்ளை பிறந்த அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவன் வந்தான். அவர்களுக்கு மட்டும் உண்மை தெரியும். தங்கைக்கு வலி எடுத்துவிட்டது என்று அக்காவைத் தேடி ஓடி வந்திருக்கிறான். கடைசிக் கதவில் பூட்டு. கங்காணி வெளியே வந்து, வழக்கம்போல் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் சரக்குக் கொட்டகை வாசலில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. லாபிஸ் என்று சொல்லி அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டேன். நான் வேலையில் இல்லாத நாளாக இருந்திருந்தால்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை ரயில் போன பிறகு, தனியாகக் கொட்டகைக்குப் போனேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. வேகனில் நம்பர் போடுகிற வெள்ளைச் சாயம் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. ஸ்டேஷனில் இறங்கித் தோட்டப் பாதைக்குத் திரும்புகிற இடத்தில் ரயில்வேக்குச் சொந்தமான ஒரு மரக் கம்பம் உண்டு. கங்காணி அதைத் தொட முடியாது. அதில் முதலில், ‘மருத்துவச்சி அம்மா ஓடவில்லை’ என்று எழுதினேன். எழுதிப் பார்த்ததும், படிக்கிறவன் கண்ணுக்கு ‘ஓட’ என்பதுதான் முதலில் படும் என்று தோன்றியது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ‘மருத்துவச்சி அம்மா லாபிஸில் இருக்கிறார். ஸ்டேஷனுக்குப் பின்னால், கிணற்றுக்குப் பக்கத்து வீடு’ என்று எழுதினேன். தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்று பிறகு நினைவு வந்தது. கீழே ஒரு தொட்டில் வரைந்தேன், லாபிஸ் பக்கமாக ஒரு அம்புக்குறி போட்டேன். தொட்டில் சரியாக வரவில்லை, படகு மாதிரி இருந்தது. உள்ளே ஒரு சின்னத் தலையைப் போட்டதும் பரவாயில்லை. மழையில் போகக்கூடாது என்று சாயம் காயும் வரைக்கும் நின்று, எழுத்தின் மேலேயே இன்னொரு தடவை பூசிவிட்டு, டப்பாவை மூடினேன்.